கரண்டி லாச்சியில் கிடந்த பாஸ்போர்ட்

புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு அப்பா மூன்று விஷயம் சொல்லிக்கொடுப்பார். ஒன்று, டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏறக்கூடாது. இரண்டு, வேலை வீட்டில் சாப்பிடச் சொன்னால் எங்கள் ஊர் வழக்கப்படி ‘வேண்டாம்’ என்று பிகு பண்ணக்கூடாது. இங்கே இரண்டாம் தரம் கேட்கமாட்டார்கள், பட்டினிதான். மூன்று, பாஸ்போர்ட்டை வேலை வீட்டுக்காரரிடமே கொடுத்து வைக்க வேண்டும். முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். மூன்றாவதைச் சொல்லும்போது கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு முதன்முதலில் வந்த தமிழர்களில் அப்பாவும் ஒருவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில், எப்போதோ ஒரு சண்டையில் குண்டு விழுந்து பாதி இடிந்த கட்டடத்தில், ஒரே அறையில் ஏழு பேர் இருந்தார்களாம். தண்ணீர் தெருக் குழாயில். மழை பெய்தால் கட்டிலை இழுத்து இழுத்துப் போட வேண்டும். அந்த அறையில் ஒருநாள் திருடன் புகுந்து ஒருவருடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்விட்டான். அடுத்த மாதமே அவருடைய தகப்பன் மன்னாரில் செத்துப்போனார். போக முடியாமல் அந்த மனிதர் சுவரில் தலையை முட்டி முட்டி அழுததை அப்பா பார்த்திருக்கிறார். மறுநாளே அப்பா தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய், தான் கூட்டித் துடைக்கிற வீட்டுப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கேட்ட நேரமெல்லாம் பத்திரிகைத் தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கிழவர் நல்ல மனிதர். தனக்கு வாய்த்த ஒரு நல்ல மனிதரை வைத்து அப்பா வருகிற சனத்துக்கெல்லாம் ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

அந்தச் சட்டம் பரவிற்று. எங்கள் வீட்டு முன்னறையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் போனார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்தால் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தால் ஊரிலிருக்கிற அண்ணன் தம்பிக்கும் வேலை எடுத்துத் தருவார்கள் என்று ஆளாளுக்கு ஒரு நியாயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் பிறந்தது இங்கேதான். எனக்கு நினைவு தெரியும்போது நாங்கள் நகரின் ஒரேத்தோப் பகுதியில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அந்தப் படிக்கட்டில் வேறு தமிழர் இல்லை. எங்கள் மீன்குழம்பு வாசம் கீழ்த்தளம் வரைக்கும் போய் முறைப்பாடு வாங்கிக்கொண்டு வரும். நாங்கள் இருந்த அந்த வீடு ஒரு சினியோராவுடைய மகனின் பெயரில் இருந்தது. சினியோரா என்று நான் சொல்வது அம்மா வேலை செய்த வீட்டுக் கிழவியை. லிபெர்த்தாவில், மரங்கள் வைத்த தெருவில், உயரமான கதவுள்ள வீடு. அம்மா அதை ‘என்ரை வீடு’ என்றுதான் சொல்லுவார். ஒரேத்தோ வீடு வெறும் வீடு. லிபெர்த்தா வீடுதான் ‘என்ரை வீடு’. சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தி ஊருக்குப் போனாலோ, பிள்ளைப்பேறு வந்தாலோ, தன் வேலை வீட்டைச் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டாள். தங்கையையோ மச்சாளையோ அங்கே நிறுத்திவிட்டுத்தான் போவாள். இதற்கு ‘வீட்டைப் பிடிச்சு வைக்கிறது’ என்று பெயர். எனக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது அம்மாவுக்கு முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அதே நேரம் சினியோரா குளியலறையில் விழுந்து, ஒரு பகலும் ஒரு இரவும் தரையிலேயே கிடந்து, பிறகுதான் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து எடுத்தார்கள். இனி இருபத்துநாலு மணி நேரமும் கூட இருக்க ஆள் வேண்டும் என்று மிலானோவில் இருந்த மகன் சொல்லிவிட்டார். அம்மா உடனே தன் தங்கையின் பெயரைச் சொன்னார். மகன் விசாவுக்குக் கடதாசி போட்டார். இப்படித்தான் சின்னம்மா வந்தார்.

சின்னம்மா வன்னியில் கலியாணம் கட்டியவர். கடைசிச் சண்டையில் புருஷன் போன இடம் தெரியவில்லை. முகாமில் இருந்து வெளியே வந்தபோது அவரிடம் இருந்தது ஆறு வயது மகள் மட்டும். அந்தப் பிள்ளையை மன்னாரில் மச்சாளிடம் விட்டுவிட்டு, இரண்டு வருசத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில், நாப்போலியிலிருந்து வருகிற கப்பலில் வந்து இறங்கினார். அப்பா துறைமுகத்தில் அதே கப்பல்களைக் கழுவுகிற வேலையில் இருந்ததால் நானும் அவரோடு போய் நின்றேன். சின்னம்மா கையில் ஒரு சூட்கேஸும், பிள்ளையின் சட்டை ஒன்று சுற்றிய பொதியும் இருந்தன. சட்டை எதற்கு என்று கேட்டேன். “அளவு பாக்க. இஞ்சை உடுப்பு வாங்கி அனுப்ப வேணுமெல்லே” என்றார். இரண்டு வருசமும் அவர் அந்தச் சட்டையைத்தான் அளவாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி உடுப்பு வாங்கினார்.

மூன்றாம் நாள் அப்பா தன் பாடத்தைச் சொன்னார். சின்னம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அத்தானுக்குத் தெரியாததா. வேலைக்குச் சேர்ந்த அன்று சினியோரா பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, சாப்பாட்டு மேசையின் லாச்சியைத் திறந்து, வெள்ளிக் கரண்டிகள் வைக்கிற நீலத் துணிக்கு அடியில் வைத்தார். அந்தக் கரண்டிகளை வாரா வாரம் மினுக்குவது அம்மாவின் வேலையாக இருந்தது. இனிச் சின்னம்மாவின் வேலை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளியோடு வைக்கிறாரே, எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன்.

சினியோரா கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை. சின்னம்மாவின் கன்னத்தைத் தடவி, ‘என் மகளே’ என்பார். தனக்கு வாங்குகிற அதே பாண், அதே மீன். ஆனால் தரையில் கிடந்த அந்த ஒரு நாள் அவரை விட்டுப் போகவேயில்லை. பின்னேரம் ஆறு மணிக்கே வாசல் கதவைப் பூட்டித் திறப்பைத் தன் வீட்டங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளுவார். கூட இருந்து வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு; இந்த ஊர் முழுக்க அதுதான் முறை. முதல் ஆறு மாதம் சின்னம்மா இரண்டு நாளும் எங்களிடம் வந்தார். பிறகு வியாழன் போயிற்று, சினியோராவுக்கு வியாழக்கிழமைகளில் நெஞ்சு படபடத்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை தேய்ந்து, மாதா கோயில் பூசைக்கு வருகிற இரண்டு மணித்தியாலம் மட்டும் ஆயிற்று. அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் பூசையும் பார்த்து, எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, என் போனில் பிள்ளையோடு வீடியோவில் கதைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அம்மா அவருக்குச் சோறு போட்டு வைப்பார். அநேகமாக அது அப்படியே இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் கோயில் முற்றத்தில் அந்தச் சண்டை வந்தது. தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு பெடியனுக்கு அப்பா மூன்றாவது பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், வன்னியிலிருந்து வந்து மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர், நடுவில் புகுந்தார்.

“அண்ணை, முகாமிலை எல்லாக் கடதாசியையும் குடுத்துப்போட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிண்டனாங்கள். இஞ்சையும் வந்து குடுக்கச் சொல்லுறியளோ? ஆளின்ரை பாஸ்போட்டை வைச்சிருந்தால் ஆளையே வைச்சிருக்கிற மாதிரித்தான். இதுக்குப் பேர் அடிமை வேலை.”

அப்பா பெடியனை விட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “தம்பி, நாங்கள் வரேக்கை இஞ்சை ஒண்டும் இல்லை. நாங்கள் ரோட்டுப் போட்டு வைச்சிருக்கிறம். நீங்கள் அதிலை நடந்து வந்து எங்களுக்கு நியாயம் சொல்லுறியள்.”

“அந்த ரோட்டு எங்கை போகுதெண்டுதான் கேக்கிறன்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு முற்றம் இரண்டாகிவிட்டது. முதலில் வந்தவர்கள் மாதா சுரூபத்தின் பக்கம் நிற்பார்கள். பிறகு வந்தவர்கள் வாசல் பக்கம். ஒரே ஊர்க்காரர், ஒரே சாதிசனம், பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க மட்டும் ஒரே வரிசையில் போவார்கள். ஆனால் அந்தச் சொல் அப்பாவைவிட அம்மாவைத்தான் அதிகம் சுட்டது. வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு உடைத்தார்.

“ஆர் அடிமை? பதினொரு வரியம் அந்த வீட்டுக்குப் போனனான். சினியோரா தன்ரை கையாலை எனக்குக் கோப்பி போட்டுத் தந்தவ. என்னைப் பாத்து ஒருத்தன் அடிமை எண்டுறான், நீங்கள் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்.”

“உம்மைச் சொல்லேல்லை. தங்கச்சியை யோசிச்சுப் பாரும். அவ வியாழக்கிழமை வந்து எவ்வளவு காலம்?”

“கிழவி தனிய இருக்கப் பயப்பிடுது. அதுக்கு?”

“நாளைக்குப் போய்ப் பாஸ்போட்டைக் கேப்பமெண்டு பாக்கிறன்.”

“கேளுங்கோ. கேட்டுப்போட்டு வரேக்கை இந்த வீட்டுத் திறப்பையும் மகனிட்டைக் குடுத்துப்போட்டு வாங்கோ. தெருவிலை நிப்பம்.”

அப்பா நாளைக்கு என்று சொன்ன அந்த நாள் வரவில்லை. மகனுடைய வீட்டில் நாங்கள் இருந்தோம் என்பது ஒரு காரணம். போய்க் கேட்டால், இத்தனை வருசம் தான் சொல்லிக்கொடுத்தது பிழை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது இன்னொரு காரணம். இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. இரண்டு பேர் மேலும் எரிச்சல்தான் வந்தது.

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மன்னாரிலிருந்து செய்தி வந்தது. பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல், டெங்கு என்கிறார்கள், ஆசுப்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள். ‘அம்மா வாறாவோ’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சின்னம்மா தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லை வைத்துச் சினியோராவிடம் மூன்று தரம் கேட்டிருக்கிறார். மகள், ஆசுப்பத்திரி, பாஸ்போர்ட். சினியோரா கன்னத்தைத் தடவி, ஏதோ நீளமாகச் சொல்லி, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

புதன்கிழமை சின்னம்மா என்னைத்தான் போனில் கேட்டார்.

“பிள்ளை, நாளைக்கு அம்மாவோடை வா. நான் கேக்கிறது அவவுக்குக் குழந்தைப்பிள்ளை கேக்கிற மாதிரிக் கிடக்கு. வளந்த ஆள் கேக்கிற மாதிரி நீ கேட்டுத் தா.”

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் போனோம். அப்பா கப்பலில் வேலைக்கு நின்றார். காய்ச்சல் இவ்வளவு கடுமை என்று அம்மா அவருக்குச் சொல்லவில்லை. பொம்பிளையள் போய்க் கதைச்சால் காணும் என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே எனக்குச் சொல்லித் தந்தார்: “சின்னம்மா கொதியிலை என்னவும் சொல்லுவாள். நீ அதை அப்பிடியே தூக்கி எறியாதை. பக்குவமாச் சொல்லு. கிழவியின்ரை மனம் நோகக்கூடாது.”

நான் ஓம் என்றேன். பக்குவமாகப் பேசுவதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல பெயர். டொக்டரிடம், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வரிசையில், பெர்மெசோ என்கிற விசா புதுப்பிக்கிற கவுண்டரில், வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் எல்லாம் எங்கள் ஆட்கள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கோபத்தோடு அவர்கள் சொல்வதை நான் ‘தயவுசெய்து’ போட்டு மாற்றிச் சொல்லுவேன். காரியம் நடக்கும். கெட்டிக்காரி என்பார்கள். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். சினியோரா வாதாம் பிஸ்கட் எடுத்து வைத்தார். கரண்டி லாச்சி என் முழங்காலுக்கு நேரே இருந்தது. கையை நீட்டினால் திறந்திருக்கலாம். சின்னம்மா உட்காரவில்லை. கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“என்ரை மகள் ஆசுப்பத்திரியிலை சாகக் கிடக்கிறாள். இண்டைக்கே என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ. நான் போவன், திரும்பி வருவன். தராட்டில் பொலிசுக்குப் போவன். அப்பிடியே சொல்லு, பிள்ளை.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் எங்கள் ஐந்தாம் மாடி, என் அறை, என் பள்ளிக்கூடம் எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தோன்றிற்று. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் இந்தக் கிழவி பயந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுவார் என்றும் தோன்றிற்று. இவ்வளவும் தோன்ற எனக்கு இரண்டு விநாடி எடுத்திருக்காது. பிறகு வாயைத் திறந்து, நல்ல பிள்ளைக் குரலில், இத்தாலியனில் சொன்னேன்: “சின்னம்மாவின் மகளுக்குக் கொஞ்சம் காய்ச்சல். முடியுமென்றால் பாஸ்காவுக்குப் பிறகு ஊருக்குப் போய் வரலாமா என்று கேட்கிறார்.”

சினியோராவின் முகம் மலர்ந்தது. தாராளமாக, பாஸ்காவுக்கு மகன் வருகிறான், அவன் வந்ததும் எல்லாம் பார்த்துச் செய்யலாம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் போகும், என் மகனுக்கும் வந்தது என்றார். சின்னம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அந்த வீட்டில் பதினொரு வருசம் பேசிப் பழகிய இத்தாலியன் அம்மாவுக்குத் தெரியும். நான் சொன்னது அவருக்கு முழுதும் விளங்கிற்று. ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தார்.

“என்னவாம்?” என்று சின்னம்மா என்னிடம் கேட்டார்.

“பாஸ்காவுக்கு மகன் வந்தாப்போலை தருவாவாம்.”

“பொலிசெண்டு சொன்னனியே?”

“ஓம்” என்றேன்.

சின்னம்மா சினியோராவின் சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நாங்கள் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தோம். பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் விடவில்லை.

திங்கட்கிழமை விடியப் பிள்ளை போய்விட்டது.

நான் இதை எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வியாழன் பாஸ்போர்ட் கையில் கிடைத்திருந்தால் வெள்ளிக்கிழமை விமானம் ஏறியிருக்கலாம். சனிக்கிழமை கொழும்பு. அன்று பின்னேரமே மன்னார். ஞாயிறு முழுக்கப் பிள்ளையின் பக்கத்தில் இருந்திருக்கலாம். காப்பாற்றியிருக்க முடியாதுதான், டொக்டர்மாரே கையை விரித்த வருத்தம். ஆனால் ‘அம்மா வாறாவோ’ என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளை. அதற்குமேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

செய்தி அப்பாவுக்குத்தான் முதலில் வந்தது. துறைமுகத்திலிருந்து வேலை உடுப்போடு, ரப்பர் சப்பாத்தும் கழற்றாமல், நேரே லிபெர்த்தாவுக்குப் போனார். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட என்னையும் வழியில் இழுத்துக்கொண்டு போனார். அம்மா பின்னால் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பா யாருடைய உதவியும் கேட்கவில்லை. தன் துறைமுக இத்தாலியனில் தானே சொன்னார். பிள்ளை செத்துப்போச்சு. பாஸ்போர்ட்டைக் கொடு.

சினியோரா லாச்சியைத் திறந்தார். கரண்டிகள் சலசலத்தன. நீலத் துணிக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டில்லை, சண்டையில்லை, பொலிஸில்லை. பிறகு அந்தக் கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபடி கேட்டார்: “இவ்வளவு கடுமை என்று எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கொஞ்சம் காய்ச்சல் என்றுதானே சொன்னீர்கள்? சொல்லியிருந்தால் தந்திருப்பேனே.”

தந்திருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தராமலும் விட்டிருக்கலாம், செய்தி கேட்ட பிறகு நல்லவராக இருப்பது யாருக்கும் சுலபம். ஆனால் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு அவரை நான் எப்படிக் குற்றம் சொல்வது? அப்பா, “என்ன சொல்லுறா?” என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த வேகத்தில் விளங்கவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை. அன்றோடு நான் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஆட்கள் நான் படித்த திமிரில் வரமாட்டேன் என்கிறேன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

சின்னம்மா அழவில்லை. குசினி வாசலில் நின்று, அப்பா நீட்டிய பாஸ்போர்ட்டை வாங்கி, திறந்து, தன் படத்தைப் பார்த்தார். “இனி எதுக்கு, அத்தான்?” என்றார். அவர் ஊருக்குப் போகவில்லை. வெயில் காலம், பிள்ளையை அடுத்த நாளே அடக்கம் செய்துவிட்டார்கள். ஆறாவது தரம் கூட்டி வாங்கிய சட்டை எங்கள் வீட்டு அலுமாரியில் அனுப்பாமல் கிடந்தது. அதைச் சின்னம்மா எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா மாதா சுரூபத்துப் பக்கத்தை விட்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். எல்லாரும் போய் உங்கள் பாஸ்போட்டுகளைத் திருப்பி எடுங்கோ, நான் சொல்லித் தந்தது பிழை என்றார். அவருடைய கூட்டாளிகளே அவர்மேல் பாய்ந்தார்கள். நீதானே குடுக்கச் சொன்னனீ, இப்ப வீட்டுக்காரர் எங்களைக் கள்ளரெண்டு நினைக்கப் போயினம் என்றார்கள். வாசல் பக்கம் நின்ற அந்த வன்னிக்காரர் மட்டும் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனார்கள். சில வீடுகளில் உடனே கொடுத்தார்கள், சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அப்பா சாகும்வரைக்கும் போனார்.

எங்களை வீட்டை விட்டு யாரும் எழுப்பவில்லை. பாஸ்காவுக்கு வந்த மகன் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அம்மா இன்றைக்கும் அதே ஐந்தாம் மாடியில்தான் இருக்கிறார். எதற்காக நான் அன்று சொல்லை மாற்றினேனோ அந்தக் கூரைக்குக் கீழே என்னால் இருக்க முடியவில்லை. இருபது வயதானதும் வெளியே வந்துவிட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு இருக்கிறது. அந்தப் பின்னேரத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. முதுகு தேறியதும் அம்மா திரும்பவும் சினியோராவிடம் வேலைக்குப் போனார், அந்தக் கிழவி கண்ணை மூடும்வரைக்கும் பார்த்தார். அதை இனி ‘என்ரை வீடு’ என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

நான் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சின்னம்மா ஒரேத்தோவிலேயே ஒரு சிறிய அறை எடுத்து, மணித்தியால வேலைக்கு மூன்று வீடுகளுக்குப் போகிறார். பாஸ்போர்ட் ஒரு துணிப் பைக்குள் எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். நான் வியாழக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவேன். ஏன் வியாழன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என்மேல் கோபமாக அவர் ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். சினியோரா சிசிலியப் பேச்சுப் பேசுகிறவர், சின்னம்மாவுக்கு நாலு சொல்தான் தெரியும், நான் சொன்னது எப்படி விளங்கியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளுவேன்.

இந்த வருசம் மாசி மாதம் ஒரு வியாழன் போயிருந்தேன். சின்னம்மா மேசையில் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பெட்டை லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் நிற்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வரவிடுகிறார்கள் இல்லையாம், பாஸ்போர்ட் அவர்களிடமாம். ஊரில் அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறதாம்.

“அவளுக்குச் சொல்லிக் குடுக்க வேணும். பாடமாக்கி வைக்கட்டும். நீ எனக்கு இத்தாலியனிலை ஒருக்காச் சொல்லு” என்றார்.

“என்னத்தை, சின்னம்மா?”

காயை முறித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “என்ரை மகள் ஆசுப்பத்திரியிலை சாகக் கிடக்கிறாள். இண்டைக்கே என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ. நான் போவன், திரும்பி வருவன். தராட்டில் பொலிசுக்குப் போவன்.”

ஒரு சொல் மாறவில்லை. இத்தனை வருசம் நான் யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை. ஆனாலும் சொன்னேன். இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாக, ஒன்றையும் விடாமல், ‘தயவுசெய்து’ போடாமல், பொலிஸ் என்ற சொல்லையும் சேர்த்து, அந்தச் சின்ன அறையில் சுவரைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சின்னம்மா தலையைச் சாய்த்துக் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு அடுத்த காயை எடுத்தார்.

“அண்டைக்கு நீ இவ்வளவு நீளமாச் சொல்லேல்லை, பிள்ளை” என்றார்.